தண்டுவட மின்தூண்டல்: கரண்டை அணைத்து வைத்தும் வலி குறைந்தால்?

டிஸ்க் ஆபரேஷன் முடிந்து ஓராண்டு, ஈராண்டு கழிந்த பிறகும் இடுப்பில் தொடங்கிக் கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை எரிச்சலும் இழுப்பும் அடங்காதவர்கள் உண்டு. வட சென்னையில் இவர்களைத் தேடிப் போக வேண்டியதில்லை. காசிமேட்டில் ஐஸ் பெட்டி தூக்கியவர்கள், துறைமுக வாசல் வரிசையில் கன்டெய்னர் லாரியின் ஸ்டியரிங் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்தவர்கள், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நின்றவர்கள் என்று பலர். இன்னொரு பக்கம், சர்க்கரை நோய் முற்றி இரவில் பாதம் இரண்டும் எரிந்து தூக்கம் போனவர்கள். ப்ரீகாபலின், அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் என்று மாத்திரை மாற்றி மாற்றிப் பார்த்து, முதுகில் ஊசியும் போட்டு, பிசியோதெரபியும் செய்து சலித்துப்போன நிலையில் ஒரு யோசனை வருகிறது: தண்டுவடத்தை ஒட்டி ஒயர் வைத்து, தோலுக்கடியில் பேட்டரி பொருத்தி, கரண்ட் கொடுத்தால் வலி குறையும். செலவு பல லட்சம்.

இந்தக் கருவி வைத்துக்கொண்ட பலருக்கு வலி குறைந்தது உண்மை. அதில் யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறைவில் மின்சாரத்தின் பங்கு எவ்வளவு என்ற கேள்விக்கு இதுவரை கிடைத்திருக்கும் பதில் மிகவும் பலவீனமானது. கடன் வாங்கியோ வீட்டை அடமானம் வைத்தோ பணம் கட்டப்போகும் குடும்பத்துக்கு இதைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும்.

கருவியும் அதை வைக்கும் முறையும்

1965-இல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வலியைப் பற்றி ‘கதவுக் கோட்பாடு’ ஒன்றை வெளியிட்டார்கள். தொடுகையையும் அதிர்வையும் கொண்டுசெல்லும் தடித்த நரம்பிழைகள் வேலை செய்யும்போது, வலியைக் கொண்டுசெல்லும் மெல்லிய இழைகளின் சேதி தண்டுவடத்தின் பின்பகுதியிலேயே தடுக்கப்படும் என்பது அதன் சாரம். இரண்டே ஆண்டில், 1967-இல், அமெரிக்காவில் நரம்பியல் அறுவை மருத்துவர் நார்மன் ஷீலி, புற்றுநோய் வலியால் அவதிப்பட்ட ஒருவருக்குத் தண்டுவடத்தின் பின்புறம் மின்முனை வைத்தார். இன்றைய கருவிகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

பாகங்கள் மூன்று. ‘லீட்’ எனப்படும் மெல்லிய ஒயர். அதன் நுனியில் பெரும்பாலும் 8 உலோக வளையங்கள் வரிசையாக இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு மின்முனை. அடுத்து, டைட்டானியம் உறைக்குள் பேட்டரியும் மின்சுற்றும் அடங்கிய துடிப்புப் பெட்டி. இது புட்டத்தின் மேல்பகுதியிலோ விலாவுக்குக் கீழே பக்கவாட்டிலோ தோலுக்கடியில் வைக்கப்படும். மூன்றாவது, நோயாளி கையில் வைத்துக்கொள்ளும் ரிமோட்டும் சார்ஜரும்.

வைக்கும் முறை இப்படி. நோயாளியைக் குப்புறப் படுக்க வைத்து, சி-ஆர்ம் எக்ஸ்ரேயில் பார்த்துக்கொண்டே, மேல் இடுப்பு முள்ளெலும்புகளுக்கு இடையில் 14 கேஜ் டுவோஹி ஊசியைச் சாய்வாக நுழைப்பார்கள். ஊசியோடு இணைத்த சிரிஞ்சின் எதிர்ப்பு சட்டென்று விலகினால் தண்டுவட உறைக்கு வெளியே உள்ள இடைவெளிக்குள் போய்விட்டோம் என்று பொருள். அதன் வழியாக லீடை மேலே ஏற்றி, கால் வலிக்கும் இடுப்பு வலிக்கும் சாதாரணமாக 8 முதல் 10-ஆவது மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் நிறுத்துவார்கள். பழைய முறையில் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரை துடிப்பு கொடுத்து, நோயாளியை விழித்திருக்கச் செய்து, ‘சுரசுரப்பு எங்கே தெரியுது?’ என்று கேட்பார்கள். வலிக்கிற இடமும் சுரசுரக்கிற இடமும் ஒன்றானால்தான் லீட் சரியான இடத்தில் இருக்கிறது.

உடனே நிரந்தரமாகப் பொருத்திவிடுவதில்லை. ஒயரின் மறுமுனையை வெளியே விட்டு, இடுப்பில் கட்டிய வெளிப்பெட்டியோடு இணைத்து, பெரும்பாலும் 5 முதல் 7 நாள் பார்ப்பார்கள். வலி பாதிக்குப் பாதி குறைந்தால் தேர்வு. இந்த வடிகட்டல் அறிவுக்குப் பொருத்தமாகத்தான் தோன்றுகிறது. ஆனால் பிரிட்டனில் 105 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு இந்தத் தற்காலிகக் கட்டத்தோடும் மறு பிரிவுக்கு அது இல்லாமலும் கருவி வைத்துப் பார்த்தபோது, பிறகு கிடைத்த பலனில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஒரு வாரத்தில் தெரியும் நிம்மதியை வைத்து அடுத்த பத்தாண்டை முடிவு செய்வது எவ்வளவு தளர்வான காரியம் என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

எங்கே கெட்டுப்போகும்

அதிகம் நடப்பது லீட் நகர்வது. சில மில்லிமீட்டர் இறங்கினால்கூட கரண்ட் வேறு இழைகளுக்குப் போய், காலுக்குப் பதில் விலாவில் சுரசுரக்கும். அதனால்தான் முதல் 6 முதல் 8 வாரம் குனியக் கூடாது, முறுக்கித் திரும்பக் கூடாது, தலைக்கு மேல் கை நீட்டி எதையும் எடுக்கக் கூடாது என்பார்கள். ஒயரைச் சுற்றித் தழும்புத் திசு பிடித்துக்கொள்ள அவ்வளவு காலம் ஆகும். வலை இழுக்கிறவருக்கும் மூட்டை ஏற்றுகிறவருக்கும் இது இரண்டு மாதக் கூலி இழப்பு. கருவியின் விலையைச் சொல்பவர்கள் இந்தத் தொகையையும் சேர்த்துச் சொல்வதில்லை.

அடுத்தது சீழ். பெட்டி வைத்த பையில் கிருமி தொற்றினால், உலோகத்தின் மேல் படலமாகப் படிந்துகொண்ட கிருமியை ஆன்டிபயாடிக் மட்டும் கொடுத்து ஒழிப்பது கடினம். பெரும்பாலும் மொத்தத்தையும் எடுத்தாக வேண்டியிருக்கும். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு இந்த ஆபத்து கூடுதல். மூன்றாவது, அரிதானாலும் கடுமையானது: ஊசி தண்டுவட உறையைக் கிழித்து நீர் கசிவது, அல்லது உறைக்கு வெளியே ரத்தம் கட்டித் தண்டுவடத்தை அழுத்துவது. நெதர்லாந்தில் சர்க்கரை நோய் நரம்பு வலிக்காக நடந்த, 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், உறை கிழிந்ததைத் தொடர்ந்து மூளையைச் சுற்றி ரத்தம் கட்டி ஒருவர் இறந்திருக்கிறார். இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்து, ரத்தம் உறையாமல் இருக்க க்ளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அந்த மாத்திரையை வழக்கமாக 7 நாளாவது நிறுத்த வேண்டியிருக்கும். நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பேட்டரிப் பெட்டியை ஆழமாகப் புதைத்துவிட்டால் தோல் வழியாக சார்ஜ் ஏறாது. மேலாக வைத்தால் பெல்ட் உரசித் தோல் தேயும். சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் கருவியை வேண்டாம் என்று எடுக்கச் சொல்பவர்களில் இந்த உரசலால் சலித்துப்போனவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல எண்கள் எதோடு ஒப்பிட்டு வந்தவை

விளம்பரத் தாள்களில் வரும் எண்களைப் பார்க்கும்போது முதலில் கேட்க வேண்டியது, ஒப்பீடு யாரோடு என்பதுதான்.

2007-இல் வெளியான ‘ப்ராசஸ்’ ஆய்வில், முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் வலி தீராத 100 பேர். ஒரு பிரிவுக்குக் கருவியும் வழக்கமான சிகிச்சையும். மறு பிரிவுக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். 6 மாதத்தில் கால் வலி பாதியாகவோ அதற்கு மேலோ குறைந்தவர்கள் கருவிப் பிரிவில் 48 விழுக்காடு, மற்றதில் 9. 2021-இல் வெளியான, சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு 10,000 ஹெர்ட்ஸ் தூண்டலைச் சோதித்த ஆய்வில் 216 பேர். கருவி வைத்தவர்களின் சராசரி வலி 10-க்கு 7.6-இலிருந்து 6 மாதத்தில் 1.7-க்கு இறங்கியது, மாத்திரை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு 7.0 என்பது 6.9 ஆனது. கேட்டதும் வாய் பிளக்க வைக்கும் எண்கள்தான்.

ஆனால் அந்த இரண்டாம் பிரிவினரின் இடத்தில் இருந்து பாருங்கள். மாத்திரை பலிக்கவில்லை என்பதால்தான் ஆய்வில் சேர்ந்தார்கள். புதுக் கருவி கிடைக்கும் என்று வந்தவர்களிடம், ‘உங்களுக்கு அது இப்போதைக்கு இல்லை, பலிக்காத அதே மாத்திரையைத் தொடருங்கள்’ என்று சொல்லியாயிற்று. இவர்கள் வலிக்கு மார்க் போடும்போது அந்த ஏமாற்றமும் சேர்ந்துதான் விழும். கருவி வைத்தவர்களுக்கோ ஆபரேஷன், அடிக்கடி கவனிப்பு, ரிமோட், வீட்டார் பரிவு, இவ்வளவு பட்டோமே என்ற எதிர்பார்ப்பு எல்லாம் உண்டு. இரண்டு பிரிவுக்கும் இடையே உள்ள வித்தியாசம் கரண்ட் மட்டும் அல்ல.

எதிர்பார்ப்பு வலியைக் குறைப்பது மனப்பிரமை என்று ஒதுக்கவும் முடியாது. 1978-இல் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் மூவரும் பல் பிடுங்கியவர்களிடம் காட்டியதுபோல, வெறும் நம்பிக்கையால் குறைந்த வலியை நலோக்சோன் என்ற மருந்து மீண்டும் கூட்டியது. நலோக்சோன் அபின் வகை மருந்துகளின் செயலைத் தடுப்பது; ஆக நம்பிக்கை வேலை செய்யும்போது உடலே தன் சொந்த வலிநிவாரணியைச் சுரக்கிறது. வலி உண்மையாகவே குறைகிறது. ஆனால் அதற்கு முதுகில் ஒயர் தேவையா என்பதுதான் விஷயம்.

அறுவை சிகிச்சைகள் இந்தச் சோதனையில் முன்பும் தோற்றிருக்கின்றன. தேய்ந்த முழங்காலுக்குள் குழாய் விட்டுக் கழுவிச் சுரண்டும் சிகிச்சையை, தோலை மட்டும் கீறித் தைத்த போலி ஆபரேஷனோடு 180 பேரிடம் ஒப்பிட்டு 2002-இல் வெளியிட்டார்கள், வித்தியாசம் இல்லை. முறிந்த முள்ளெலும்புக்குள் சிமென்ட் செலுத்தும் சிகிச்சைக்கும் 2009-இல் வெளியான இரண்டு ஆய்வுகளில் அதே முடிவு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. நாள்பட்ட வலி ஏறி இறங்கும். ஆள் ஆய்வில் சேர்வதும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்வதும் வலி உச்சத்தில் இருக்கும்போது. அதன்பின் எதைச் செய்தாலும், ஒன்றும் செய்யாவிட்டாலும், சராசரியை நோக்கி ஓரளவு இறங்கத்தான் செய்யும்.

ஏன் இத்தனை காலம் பிளாசிபோவோடு (போலிச் சிகிச்சையோடு) ஒப்பிடவில்லை

பழைய முறைத் தூண்டலில் சுரசுரப்பு தெரிந்தே தீரும். கரண்ட் ஓடுகிறதா இல்லையா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்க வழியே இல்லை. சுரசுரப்பே தெரியாத முறைகள் வந்த பிறகுதான் கதை மாறியது: சில ஆயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட உயர் அதிர்வெண், சில துடிப்புகளைக் கொத்தாகச் சேர்த்து விட்டு விட்டு அனுப்பும் ‘பர்ஸ்ட்’, உணர்வு தெரியும் அளவுக்குக் கீழேயே வைக்கும் முறை. இவற்றில் கருவியை அணைத்து வைத்தாலும் நோயாளிக்குத் தெரியாது.

2013-இல் வெளியான ஓர் ஆய்வில், ஏற்கெனவே கருவி வைத்துப் பலன் கண்டுவந்த 33 பேருக்கு, இரண்டு வாரம் 5,000 ஹெர்ட்ஸ், இரண்டு வாரம் போலி என்று மாற்றிக் கொடுத்தார்கள். முன்னேற்றம் சொன்னவர்கள் 42.4 விழுக்காடும் 30.3 விழுக்காடும், புள்ளியியல் கணக்கில் அது வித்தியாசமே இல்லை. அதைவிடக் கவனிக்க வேண்டியது, எது முதலில் வந்ததோ அதுவே நன்றாக இருந்ததாகச் சொல்லும் போக்கு பலமாக இருந்தது. 2018-இல் வெளியான மற்றொன்றில் 24 பேர், நான்கு அமைப்புகள், ஒவ்வொன்றும் மூன்று வாரம். 1,200, 3,030 ஹெர்ட்ஸ் இரண்டும் போலியைப் போலவே. 5,882 ஹெர்ட்ஸ் மட்டும் முதுகு வலியை 3.22-க்கு இறக்கியது, போலியில் அது 4.83. இது கருவிக்குச் சாதகமான முடிவு, மறைக்கக் கூடாது. ஆனால் 24 பேர், மூன்று வாரம் என்ற அளவில் ஆயுள்கால முடிவை எடுக்க முடியாது.

ட்ரோன்ட்ஹைம் ஆய்வு

நார்வேயின் ட்ரோன்ட்ஹைம் நகரில் உள்ள செயின்ட் ஓலாவ்ஸ் மருத்துவமனையில் நடந்து, 2022-இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வு இதுவரை இந்தக் கேள்விக்கு நேராக நின்று பதில் தேடியவற்றில் முக்கியமானது. இடுப்பு முள்ளெலும்பு ஆபரேஷனுக்குப் பிறகும் கால் நரம்பு வலி தொடர்ந்த 50 பேர். அனைவருக்கும் நிஜக் கருவி, நிஜ ஆபரேஷன். பிறகு மூன்று மூன்று மாதமாக நான்கு கட்டம்: இரண்டில் பர்ஸ்ட் தூண்டல், இரண்டில் கரண்டே இல்லை. எந்த வரிசை என்பது குலுக்கலில். 40 ஹெர்ட்ஸில் கொத்துக்கு 4 துடிப்பு, சுரசுரப்பு தெரியத் தொடங்கும் அளவில் 50 முதல் 70 விழுக்காடு.

அளவுகோல் ஆஸ்வெஸ்ட்ரி இயலாமைக் குறியீடு. பத்துக் கேள்விகள், 0 முதல் 100 வரை மதிப்பெண்; கூடினால் முடக்கம் கூடுதல். ஆபரேஷனுக்கு முன் சராசரி 44.7. கரண்ட் ஓடிய கட்டங்களில் 10.6 புள்ளி இறக்கம். கரண்ட் இல்லாத கட்டங்களில் 9.3. இடைவெளி 1.3 புள்ளி. நோயாளி உணரக்கூடிய மாற்றம் என்று ஆய்வாளர்கள் முன்கூட்டியே வகுத்திருந்தது 10 புள்ளி. கால் வலி, இடுப்பு வலி மதிப்பெண்களிலும் வித்தியாசம் தென்படவில்லை. 9 பேருக்குப் பாதகம் நேர்ந்தது. அதில் 4 பேருக்கு மறு ஆபரேஷன்.

இந்த எண்களை நிதானமாகப் படிக்க வேண்டும். கருவி வைத்தவர்கள் முன்னேறவில்லை என்று இந்த ஆய்வு சொல்லவில்லை. முன்னேறினார்கள், கிட்டத்தட்ட அந்த 10 புள்ளிக்கே. பெட்டி அணைந்து கிடந்தபோதும் கிட்டத்தட்ட அதே அளவு முன்னேறினார்கள். பிளாசிபோ பிரிவு இல்லாமல் இதே 50 பேரைப் படித்திருந்தால், ‘கருவி பலன் தருகிறது’ என்று இன்னொரு கட்டுரை வந்திருக்கும்.

2023-இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 13 ஆய்வுகளையும் 699 நோயாளிகளையும் தொகுத்து, இடுப்பு வலிக்கு இந்தச் சிகிச்சையை ஆய்வுக்கு வெளியே பயன்படுத்த ஆதாரம் போதாது என்று எழுதியது. ஆறு மாதம் வரை பிளாசிபோவோடு ஒப்பிட்ட ஆய்வு அவர்களுக்குக் கிடைத்தது ஒன்றே ஒன்று.

எதிர்வாதங்களும் வலுவானவை. நார்வேயில் பயன்படுத்திய துடிப்பு, சந்தையில் ‘பர்ஸ்ட்’ என்று விற்கப்படும் வடிவத்திலிருந்து வேறுபட்டது. தற்காலிகக் கட்டத்தில் பழைய சுரசுரப்பு முறையில் பலன் கண்டவர்களைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஆய்வில் வேறு முறையைக் கொடுத்தார்கள். 10,000 ஹெர்ட்ஸ் முறைக்கோ, சர்க்கரை நோய் கால் எரிச்சலுக்கோ இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. இவை எல்லாம் சரிதான். ஆனால் இந்த வாதங்கள் வேறொரு முறைக்குப் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் ஆகிவிடாது. அந்த முறையையும் இதே போல, கரண்ட் ஓடுகிறதா என்று நோயாளிக்குத் தெரியாதபடி திரைபோட்டுச் சோதிக்க வேண்டும் என்பதற்கே காரணம் ஆகும். கருவியைத் தயாரிப்பவர்களுக்கு அதைச் செய்யும் பணமும் வசதியும் இருக்கின்றன.

வட சென்னையில் ஒரு ஆய்வு நடத்தினால்

ஸ்டான்லி போன்ற ஓர் அரசு மருத்துவமனையை மையமாக வைத்து இப்படி ஒரு ஆய்வு நடத்த முடியுமா? முடியும். எண்ணிக்கை பயமுறுத்துவதல்ல. 0–10 வலி அளவில் 1.5 புள்ளி வித்தியாசத்தைப் பிடிக்க வேண்டும், மதிப்பெண்களின் சிதறல் 2.5 என்று வைத்துக்கொண்டால், 80 விழுக்காடு வாய்ப்போடு கண்டுபிடிக்க இரண்டு தனிப் பிரிவு ஆய்வில் பிரிவுக்கு 44 பேர், மொத்தம் 88. ஒரே ஆளுக்கு இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்தால், ஒருவரின் இரண்டு அளவீடுகளுக்கும் இடையே 0.5 ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்ற அளவு) இருக்கும் பட்சத்தில், 22 பேரே போதும். விலகிப்போகிறவர்களுக்காக ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளலாம். மாற்றிக் கொடுக்கும் முறையின் பலவீனம், முதல் கட்டத்தின் பலன் இரண்டாம் கட்டத்துக்குள் வழிவது. அதனால் ஒவ்வொரு கட்டத்தின் முதல் சில வார மதிப்பெண்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

யாரைச் சேர்ப்பது என்பதில் கறார் வேண்டும். நரம்பு வலிதானா என்பதை டிஎன்4 கேள்வித்தாளில் 10-க்கு 4-க்குக் குறையாமல் வந்தால் ஏற்கலாம். பைக் விபத்தில் கைக்குப் போகும் நரம்பு வேர்கள் தண்டுவடத்திலிருந்தே பிய்ந்து வந்தவர்களை இதில் கலக்கக் கூடாது. அவர்களுக்குத் தூண்டலை மேலே கொண்டுசெல்லும் இழைகளே அழிந்திருக்கும். பலன் குறைவாகத்தான் இருக்கும், முடிவைக் கலக்கிவிடும். சேர்வதற்கு முன் 4 வாரமாவது மாத்திரை அளவு மாறாமல் இருக்க வேண்டும்.

திரை எங்கே கிழியும் என்பதுதான் இதில் நுணுக்கமான பகுதி. அணைத்த கருவிக்கு பேட்டரி இறங்காது. வாரத்துக்கு இரண்டு முறை சார்ஜ் போட்டவருக்கு இந்த மாதம் போடவே தேவைப்படவில்லை என்றால், பெட்டி தூங்குகிறது என்று உடனே புரிந்துவிடும். ஆகவே ரிமோட்டில் பேட்டரி அளவு காட்டும் பகுதியை மறைத்து, தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த நாளில் அரை மணி நேரம் சார்ஜரைக் கட்டிக்கொள்ளச் சொல்ல வேண்டும். கரண்டைக் கூட்டிக் குறைக்கும் பொத்தானைப் பூட்ட வேண்டும். கூட்டிப் பார்த்தால் சுரசுரக்கும், குட்டு வெளிப்படும். படுத்தால் தண்டுவடம் மின்முனைக்கு அருகே வந்து, அதே கரண்ட் பலமாகத் தெரியும். எனவே உணரும் எல்லையை நின்றும் உட்கார்ந்தும் படுத்தும் அளந்து, மிகக் குறைந்ததற்குக் கீழே அமைக்க வேண்டும். கருவியை அமைப்பவரும் வலியைக் கேட்டு எழுதுபவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும், இருவரும் பேசிக்கொள்ளவே கூடாது. கம்பெனிப் பிரதிநிதி அறைக்குள் இருக்கக் கூடாது. இரண்டாவது வாரமே நோயாளியிடம் ‘எது ஓடுதுன்னு நினைக்கிறீங்க?’ என்று கேட்டுப் பதிய வேண்டும். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் வலி குறைந்ததை வைத்து ஊகித்துச் சொல்வார்கள்.

அளவீடும் இங்குள்ளவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்த வேண்டும். ஆஸ்வெஸ்ட்ரி தாளில் நடை மைல் கணக்கிலும் கெஜக் கணக்கிலும் கேட்கப்படுகிறது. ராயபுரத்தில் ஒருவரிடம் அப்படிக் கேட்டால் வரும் பதிலுக்கு மதிப்பில்லை. வீட்டிலிருந்து பஸ் ஸ்டாப் வரை நிற்காமல் நடக்க முடிகிறதா, ஷேர் ஆட்டோவில் எவ்வளவு தூரம் உட்கார முடிகிறது, தண்ணீர்க் குடம் தூக்க முடிகிறதா என்று முறைப்படி தழுவிச் சோதித்த தாள் வேண்டும். வலிக்கு ஒரே ஒரு மார்க் மட்டும் வாங்கிவிட்டால் ‘மிளகாய் பூசுன மாதிரி எரியுது’, ‘கரண்ட் அடிச்ச மாதிரி சுரீர்னுது’, ‘மதமதன்னு இருக்கு’ என்று அவர்கள் தனித்தனியாகச் சொல்வது கலந்துபோகும். எரிச்சல் குறைந்து மதமதப்பு அப்படியே இருந்தால் அதுவும் தெரிய வேண்டும். மாலையில் மார்க் போடுவதா காலையிலா என்பதையும் ஒரே மாதிரி வைக்க வேண்டும். நின்று வேலை செய்கிறவருக்கு இரண்டும் ஒன்றல்ல.

முதல் நோயாளி சேரும் முன்பே இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவு செய்ய வேண்டும், எது முதன்மை அளவுகோல் என்பதையும் அதிலேயே சொல்லியாக வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, ஆய்வுக்கான கருவிக்கும் பரிசோதனைக்கும் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. யாராவது ‘இது ஆராய்ச்சி’ என்று சொல்லிக் கருவிக்குக் காசு கேட்டால், நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் கேட்டுப் பாருங்கள்.

பணம் கட்டும் முன்னும் வைத்த பின்னும்

பரிந்துரைப்பவரிடம் கேட்க வேண்டியவை சில. எனக்கு வைக்கப்போகும் இதே துடிப்பு முறை, என்னுடைய இதே வலிக்கு, பிளாசிபோவோடு சோதிக்கப்பட்டிருக்கிறதா? இரண்டு ஆண்டில் எத்தனை பேர் மறு ஆபரேஷனுக்கு வருகிறார்கள்? அமெரிக்கக் காப்பீட்டுப் பதிவுகளை வைத்து 2023-இல் வெளியான ஆய்வில், கருவி வைத்தவர்களில் 22.1 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுக்குள் திருத்தமோ அகற்றமோ தேவைப்பட்டது. வலி மாத்திரைப் பயன்பாடு ஒப்பீட்டுப் பிரிவைவிடக் குறையவும் இல்லை. மறு ஆபரேஷன் செலவு யாருடையது, பேட்டரி மாற்றும்போது மறுபடியும் எவ்வளவு ஆகும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். எல்லா முறைகளையும் முறையாகப் பார்த்தாயிற்றா என்பதும் முக்கியம். சிகிச்சைகளை மதிப்பிட்டுப் பரிந்துரைக்கும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2008-இல் இந்தக் கருவியை ஏற்றபோதே, மற்ற சிகிச்சைகளுக்குப் பிறகும் 6 மாதமாவது 100-க்கு 50-க்குக் குறையாமல் நிற்கும் நரம்பு வலிக்கு மட்டும்தான் என்றது. அமிட்ரிப்டிலினை 10 மில்லிகிராமில் ஒரு வாரம் சாப்பிட்டுவிட்டு ‘கேட்கல’ என்று விட்டது முறையான முயற்சி ஆகாது.

ஏற்கெனவே வைத்துக்கொண்டவர்கள் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டியது டயாதெர்மி. தெருமுனை பிசியோதெரபி மையத்தில்கூட இருக்கும் அந்த சூடு கொடுக்கும் மெஷினின் ஆற்றல், ஒயர் வழியாக மின்முனைக்கு ஏறித் தண்டுவடத்தைச் சுட்டுவிடக்கூடும். முழங்காலுக்கோ தோளுக்கோ என்றாலும் கூடாது. எம்ஆர்ஐ எடுக்கும் இடத்தில் கருவி அட்டையைக் காட்டி, அந்த மாடலுக்கு அனுமதி உண்டா, எந்த அமைப்பில் என்று கேட்காமல் உள்ளே போகக் கூடாது. சுரசுரப்பு முறை வைத்திருப்பவர்கள் வண்டி ஓட்டும்போது அணைத்துவிட வேண்டும்; திடீரென்று உடல் திரும்பினால் கரண்ட் தூக்கிப்போடும்.

சுரசுரப்பு தெரியாத முறையில் இருப்பவர்கள், கருவி தனக்கு உண்மையிலேயே உதவுகிறதா என்று ஒரு சின்ன சோதனையைத் தன் மருத்துவரோடு சேர்ந்து செய்யலாம். அவர் ரிமோட்டில் ‘அ’, ‘ஆ’ என்று இரண்டு அமைப்பு வைப்பார். ஒன்று இப்போதுள்ளது, மற்றது வெறும் பூஜ்யம். எது எதுவென்று அவருக்கு மட்டும் தெரியும், அதை எழுதிக் கவரில் ஒட்டி வைத்துவிடுவார்; சார்ஜ் போடுவது குறித்த நாளில், மேலே சொன்னபடி. மூன்று வாரம் ஒன்று, மூன்று வாரம் மற்றது, பிறகு அதே போல இன்னொரு சுற்று. தினமும் இரவு வலி மார்க், தூங்கிய மணி நேரம், அன்று போட்ட கூடுதல் மாத்திரை என்று மூன்றே குறிப்பு. மாத்திரைகளைத் தானாக நிறுத்தக் கூடாது, வலி தாங்காமல் போனால் சோதனையை அங்கேயே முடித்துவிடலாம். கவரைப் பிரித்துப் பார்க்கும்போது கரண்ட் ஓடிய வாரங்கள் தெளிவாகத் தனித்துத் தெரிந்தால், அவருக்கு அது வேலை செய்கிறது, நிம்மதியாக வைத்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் பேட்டரி மாற்றும் ஆபரேஷனுக்கு நாள் குறிக்கும் முன்பே அதைப் பற்றிப் பேசிவிட வேண்டும்.